ஏஜிஎம்-181: படத்தைப் பார்த்து ஒரு ஏவுகணையின் வேலையைச் சொல்லிவிட முடியுமா?

நெல்லைப்பருந்து:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க விமானப்படை 2025 ஜூனில் ஏஜிஎம்-181 என்ற புது க்ரூஸ் ஏவுகணையின் (குட்டி விமானம் மாதிரி ஜெட் எஞ்சினில் பறந்து போகிற ஏவுகணை) கணினிப் படம் ஒன்றை வெளியிட்டது, எல்ஆர்எஸ்ஓ என்றும் சொல்கிறார்கள். அப்புறம் அதே வருடம் அக்டோபர் கடைசியில் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு மேலே பறந்த ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கடியில் ஏறக்குறைய அதே உருவம் தொங்குவதை ஒருவர் படம் எடுத்துப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் சந்தேகம் இதுதான். அவர்களிடம் ஏற்கெனவே ஏஜிஎம்-158 ஜாஸம் இருக்கிறது, அதுவும் ஸ்டெல்த் (ராடாருக்கு எளிதில் சிக்காதது), அதுவும் விமானத்திலிருந்து ஏவுவது, ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அப்படியிருக்க இன்னொன்று எதற்கு? படம் வந்த இடத்திலெல்லாம் "இது அணு ஆயுதத்துக்கு மட்டும்" என்று ஆளாளுக்கு அடித்துச் சொல்கிறார்கள். ஏவுகணையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? மூக்கு, இறக்கை, வால் என்று எதையாவது பார்த்துத்தான் சொல்கிறார்களா, இல்லை ஒருவர் சொன்னதை எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்களா? நம் பிரம்மோஸ் இதில் எங்கே வருகிறது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

ராடார்கிழவன்:

தம்பி, அணு ஆயுதத்துக்கு என்பதை யாரும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அது பல வருடமாக பட்ஜெட் காகிதங்களில் பச்சையாக எழுதியிருக்கிற விஷயம். 2017 ஆகஸ்டில் லாக்ஹீட் மார்ட்டின், ரேதியான் இரண்டு நிறுவனத்துக்கும் ஆளுக்கு 90 கோடி டாலர் அளவில் ஆரம்பக்கட்ட ஒப்பந்தம் கொடுத்தார்கள், 2020 ஏப்ரலில் ரேதியானை மட்டும் வைத்துக்கொண்டார்கள், 2021 ஜூலையில் சுமார் 200 கோடி டாலருக்கு முழு உருவாக்க ஒப்பந்தம் போட்டார்கள். உள்ளே போகப்போவது டபிள்யூ80-4 என்ற அணு வெடிமுனை, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் பழைய டபிள்யூ80-ஐப் புதுப்பித்துச் செய்வது. ஆயிரத்துக்கும் மேல் வாங்கத் திட்டம். இதெல்லாம் ரகசியமே இல்லை.

ஏன் வேண்டும் என்றால், இப்போது கையில் இருப்பது ஏஜிஎம்-86பி. 1982 டிசம்பரில் படையில் சேர்ந்தது, பத்து வருடம் தாங்கினால் போதும் என்று செய்தது, நாற்பது வருடம் தாண்டி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்ததாக ஸ்டெல்த்தாக ஏஜிஎம்-129 என்று ஒன்று செய்தார்கள், 460 மட்டும் செய்துவிட்டு நிறுத்தி, 2012க்குள் எல்லாவற்றையும் கழித்துக்கட்டிவிட்டார்கள். ஆகவே இன்று ஒரு பி-52 தூரத்திலிருந்து அணு ஆயுதம் ஏவ வேண்டுமென்றால் அந்தப் பழைய 86பி மட்டும்தான். அதன் உருவம் இன்றைய ராடாருக்குத் தெளிவாகத் தெரியும், எதிராளியின் வான் பாதுகாப்பைத் தாண்டிப் போய்ச் சேருமா என்பதே கேள்வி. 181 அந்த இடத்துக்குத்தான் வருகிறது. ஜாஸமோடு போட்டி போட வரவில்லை.

சரி, இதெல்லாம் தெரியாது, முன்பின் பார்த்திராத ஒரு ஏவுகணையின் படம் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் முதலில் மூக்கைப் பார்ப்பேன். சாதாரண வெடிமருந்து வைத்த ஏவுகணை ஒரு கட்டடத்தின் குறிப்பிட்ட சுவரிலோ ஒரு பதுங்குகுழியின் கூரையிலோ போய்ச் சரியாக முட்ட வேண்டும், நாலு மீட்டர் தள்ளி விழுந்தால் காசு வீண். அதனால் கடைசிக் கட்டத்தில் இலக்கைப் பார்த்து ஒப்பிட அகச்சிவப்பு கேமரா வைக்கிறார்கள், ஜாஸத்தின் மூக்கில் அந்தக் கண்ணாடி தெரியும். ஜெர்மன்காரர்களின் டாரஸ் ஏவுகணையிலும் கேமரா உண்டு. அணு வெடிமுனைக்கு இந்தக் கவலையே கிடையாது. டபிள்யூ80-1 அதிகபட்சம் 150 கிலோடன், ஹிரோஷிமாவில் போட்டதைப்போலப் பத்து மடங்கு, அதற்கு எந்தச் சன்னல் என்று பார்த்து முட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதனால் மூக்கு முழுவதையும் ராடாரை ஏமாற்றுவதற்கே வடிவமைத்துக்கொள்ளலாம். 181 படத்தில் மூக்கில் கண்ணாடி எதுவும் தெரியவில்லை, கவனித்தீர்களா?

அடுத்தது எடைக் கணக்கு. டபிள்யூ80-1 சுமார் 130 கிலோதான். ஜாஸத்தின் வெடிமுனை 450 கிலோ. வெடிமுனை சின்னதாக இருந்தால் மிச்ச இடமெல்லாம் எரிபொருள். இதற்கு நல்ல உதாரணம் 86தான், ஏனென்றால் ஒரே உடம்பில் இரண்டு வேலையும் பார்த்தது. அணு வெடிமுனையோடு 86பி 2,400 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதே உடம்பில் அணு வெடிமுனையைக் கழற்றிவிட்டு சாதாரண வெடிமருந்தைத் திணித்து 86சி என்று ஒன்று செய்தார்கள், அது அந்தத் தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. நீளமான உடம்பு, பெரிய குண்டுவீச்சு விமானம் மட்டுமே தூக்குவது, மூக்கில் கண் இல்லாதது, இந்த மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் இருந்தால் என் சந்தேகம் அணு ஆயுதத்தின் பக்கம்தான் போகும். ஜாஸத்தை எஃப்-16கூடத் தூக்கும், 181க்கு பி-52, புது ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானமான பி-21 இரண்டு மட்டும்தான்.

கொங்குநாட்டான்:

கிழவரே, எடைக் கணக்கு வரைக்கும் சரி, மூக்கு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணையை எடுத்துக்கொள்ளுங்கள், பிரான்ஸில் ஸ்கால்ப் என்பார்கள், நம் ரஃபேலும் தூக்குகிறது. விமானத்தில் தொங்கும்போது அதன் மூக்கு மூடியிருக்கும், இலக்கை நெருங்கும்போதுதான் அந்த மூடி கழன்று விழுந்து உள்ளே இருக்கிற கேமரா வெளியே தெரியும். தொங்கும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "கண் இல்லை, அதனால் அணு ஆயுதம்" என்று நீங்கள் சொன்னால் ஸ்டார்ம் ஷேடோவையும் அணு ஆயுதம் என்றுதான் சொல்ல வேண்டி வரும்.

இறக்கை, வால் விஷயமும் அப்படித்தான். 86பியின் படங்களை எடுத்துப் பாருங்கள். விமானத்தில் தொங்கும்போது இறக்கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கும், வால் மடங்கியிருக்கும், எஞ்சினுக்குக் காற்று போகிற வாய்கூட முதுகுக்குள் அமுங்கி இருக்கும். கீழே விட்ட ஒருசில நொடியில்தான் எல்லாம் விரியும். ஆகவே தொங்குவதன் உருவம் வேறு, பறப்பதன் உருவம் வேறு. நெல்லைப்பருந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதாகச் சொல்கிறார், ஒன்று பறக்கிற மாதிரி வரைந்தது, இன்னொன்று தொங்கும்போது எடுத்தது, பொருந்தாத இடங்கள் இருக்கத்தான் செய்யும்.

அதைவிட முக்கியம், ஜூனில் வந்தது விமானப்படையே வரைந்து கொடுத்த படம். ஸ்டெல்த் ஆயுதத்தின் படத்தை அவர்களாக வெளியிடுகிறார்கள் என்றால் காட்டக்கூடாததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள். அந்தப் படத்தில் காற்று போகிற வாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஜெட் எஞ்சின் காற்று இல்லாமல் ஓடாது, எங்கோ இருக்கிறது, நமக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். முதல் பி-21 படங்களிலும் பின்பக்கத்தைக் காட்டவே இல்லை என்பது நினைவிருக்கும். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு கோணம் அளந்து ராடார் எதிரொலி கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஓவன்ஸ் பள்ளத்தாக்குப் படம் வேறு ரகம், அது உண்மையான பொருள். ஆனால் தூரத்திலிருந்து எடுத்தது, நிழல் எது விளிம்பு எது என்று பிரிப்பதே கஷ்டம்.

ராடார்கிழவன்:

ஸ்டார்ம் ஷேடோ நல்ல எதிர்வாதம். ஆனால் நான் ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லையே, மூன்றும் சேர்ந்தால் என்றுதானே எழுதினேன். ஸ்டார்ம் ஷேடோவை டொர்னாடோ, டைஃபூன் மாதிரிப் போர் விமானங்களே தூக்கின, அங்கேயே மூன்றில் ஒன்று அடிபட்டுவிடுகிறது.

நீளத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. க்ரூஸ் ஏவுகணையின் நீளத்தைப் பெரும்பாலும் அதைத் தூக்குகிற விமானத்தின் வயிறுதான் முடிவு செய்யும். முதலில் செய்த 86ஏ சுமார் 4.3 மீட்டர்தான், அப்போது இருந்த ஸ்ராம் என்ற குறுந்தூர ஏவுகணையின் சுழல் லாஞ்சருக்குள் (விமானத்தின் வயிற்றில் சுழன்று ஒவ்வொன்றாக ஏவும் தாங்கி) அடங்க வேண்டும் என்று அந்த நீளம். தூரம் போதவில்லை. 1977 ஜூன் 30 அன்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் பி-1 விமானத் திட்டத்தையே ரத்து செய்துவிட்டு, பழைய பி-52இல் க்ரூஸ் ஏவுகணை வைத்து ஓட்டலாம் என்று முடிவெடுத்த பிறகு 86பியை 6.3 மீட்டருக்கு நீட்டினார்கள். பி-52எச் அதில் 20 தூக்கும், வயிற்றுக்குள் சுழல் லாஞ்சரில் 8, இறக்கைக்கடியில் பக்கத்துக்கு 6. 181 வந்தால் அதே சுழல் லாஞ்சரிலும் பொருந்த வேண்டும், பி-21இன் வயிற்றிலும் பொருந்த வேண்டும், அதனால் நீளம் எந்த அளவுக்குள் இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஆழிக்காற்று:

நீங்கள் இருவரும் மூக்கையும் வாலையும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நெல்லைப்பருந்தின் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது "வயிற்றில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்" என்பதுதான். நேரான பதில், தெரியாது. வெளியே நிற்கிறவனுக்கு மட்டும் இல்லை, சொந்தக்காரனுக்கே தெரியாமல் போயிருக்கிறது.

2007 ஆகஸ்ட் கடைசியில் வடக்கு டகோட்டாவின் மைனாட் தளத்திலிருந்து லூசியானாவின் பார்க்ஸ்டேலுக்கு ஒரு பி-52 போயிற்று, கழித்துக்கட்ட வேண்டிய 12 ஏஜிஎம்-129 ஏவுகணைகளோடு. அணு வெடிமுனையைக் கழற்றி பயிற்சிக்கான போலி முனை பொருத்தித்தான் அனுப்ப வேண்டும். ஒரு பக்கத்து ஆறில் அப்படித்தான் செய்திருந்தார்கள், இன்னொரு பக்கத்து ஆறில் உண்மையான அணு வெடிமுனை அப்படியே இருந்தது. ஏவுகணையின் பக்கத்தில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது எது என்று தெரிந்துவிடும், அதைச் சரியாகப் பார்க்கவில்லை. விமானத்தில் ஏறிய அதிகாரியும் போலி முனை இருந்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆறு அணுகுண்டுகள் ஏறக்குறைய 36 மணி நேரம் உரிய காவல் இல்லாமல் இருந்தன, விமானம் தரையிறங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான் பார்க்ஸ்டேலில் ஒருவர் கவனித்தார். இதைத் தொட்டு வந்த விசாரணைகளின் முடிவில் 2008 ஜூனில் விமானப்படைச் செயலரும் தளபதியும் பதவியை இழந்தார்கள். கையால் தொடும் தூரத்தில் நின்றவர்களுக்கே இந்த நிலை என்றால், ராடார் திரையில் ஒரு புள்ளியாகப் பார்க்கிற எதிராளி என்ன முடிவுக்கு வருவான்?

இதனால்தான் 181 வேண்டாம் என்று அங்கேயே சிலர் எதிர்த்தார்கள். வில்லியம் பெரி, கிளின்டன் காலத்துப் பாதுகாப்பு அமைச்சர், 70களில் முதல் க்ரூஸ் ஏவுகணைகளை வளர்த்தெடுத்ததில் அவருக்கே பெரிய பங்கு உண்டு, அவரும் முன்னாள் பாதுகாப்புத் துறை அதிகாரி ஆண்டி வெபரும் சேர்ந்து 2015 அக்டோபரில் இந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதினார்கள். சாதாரண வெடிமருந்தோடும் வருகிறது, அணு வெடிமுனையோடும் வருகிறது, வருவது எது என்று தெரியாததால் நிலைமை கைமீறும் என்பது அவர்கள் வாதம். 2013இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஃபிலிப் ஹாமண்டும் இதே காரணத்தைச் சொல்லித்தான், நீர்மூழ்கியிலிருந்து ஏவும் டிரைடன்ட் ஏவுகணைக்குப் பதிலாக அணு க்ரூஸ் ஏவுகணை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஒதுக்கினார்.

ரஷ்யாவின் கேஎச்-101ஐயும் கேஎச்-102ஐயும் பாருங்கள். முதலாவது சாதாரண வெடிமருந்து, இரண்டாவது அணு வெடிமுனை, வெளி உருவம் ஒன்றேதான். 101ஐ 2015இல் சிரியாவில் ஏவினார்கள், 2022 முதல் உக்ரைன் மேல் ஏவிக்கொண்டே இருக்கிறார்கள். 2022 நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய கேஎச்-55இலிருந்து அணு வெடிமுனையைக் கழற்றிவிட்டு வெறும் எடையை வைத்து ஏவியிருப்பதாகக் கீழே விழுந்த துண்டுகளின் படங்களை வைத்து பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. அணு ஆயுதத்துக்கென்றே செய்த உடம்பு, வேலை என்னவோ உக்ரைனின் வான் பாதுகாப்பை ஏமாற்றுவது. ராடார்கிழவனின் மூன்று அடையாளங்களும் அதில் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை.

ராடார்கிழவன்:

கேஎச்-55 விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை என்று நினைக்க வேண்டாம். உருவம் சொல்வது எதற்காகச் செய்தார்கள் என்பதை, அன்று காலையில் எதை வைத்து ஏவினார்கள் என்பதை இல்லை. பெரியின் வாதத்திலும் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. 86சி கடைசியாகக் கழிக்கப்பட்டது 2019இல். 1991 ஜனவரியில் பார்க்ஸ்டேலிலிருந்து ஏழு பி-52 கிளம்பி, 35 மணி நேரத்துக்கு மேல் பறந்து, ஈராக் மேல் 35 ஏவுகணைகளை ஏவிவிட்டுத் திரும்பின. வெளியே பார்த்தால் அச்சு அசல் அணு ஏவுகணை, யாரும் பதறவில்லை. ஒரு க்ரூஸ் ஏவுகணை மணிக்கு 880 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, 2,400 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முதல் அடியில் எதிராளியின் அணு ஆயுதங்களை அழிக்க நினைப்பவன் இவ்வளவு மெதுவான ஆயுதத்தை எடுக்க மாட்டான்.

ஆழிக்காற்று:

ஈராக்கிடம் அணு ஆயுதம் இல்லை அண்ணே, பதறி அவர்கள் என்ன செய்திருக்க முடியும்? அதே 35 ஏவுகணை ரஷ்யா பக்கமோ சீனா பக்கமோ போயிருந்தால் பேச்சே வேறு. மெதுவாக வருகிறது என்பதும் முன்கூட்டியே கண்ணில் பட்டால்தான் ஆறுதல். ஸ்டெல்த் ஏவுகணை கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரியும் என்றால் அதற்கு முன் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதால் என்ன லாபம்?

தஞ்சைமணி:

பிரம்மோஸ் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன். விமானத்திலிருந்து ஏவும் பிரம்மோஸும் க்ரூஸ் ஏவுகணைதான், ஆனால் வேறு சாதி. 181 ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் ஒளிந்து ஒளிந்து போவது, பிரம்மோஸ் ஒலியைப்போல 2.8 மடங்கு வேகத்தில் ராம்ஜெட் எஞ்சினில் பாய்வது, ஒளிவதைப் பற்றிக் கவலைப்படாமல் எதிராளிக்கு நேரமே கொடுக்காமல் அடிப்பது. அதனால் எரிபொருள் குடிக்கும், தூரம் குறைவு, எடை 2.5 டன், ஒரு சுகோய்-30 நடு வயிற்றுக்கடியில் ஒன்றே ஒன்றுதான் தூக்கும், அதற்கும் விமானத்தின் உடம்பைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவில் ஒரு கப்பல் இலக்கின் மேல் முதலில் ஏவிப் பார்த்தார்கள். 2020 ஜனவரியில் தஞ்சாவூர் தளத்தில் இதற்கென்றே 222ஆம் படைப்பிரிவை வைத்தார்கள், இந்தியப் பெருங்கடலில் போகிற கப்பல்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று. வெளித் தோற்றத்திலேயே வேலை தெரிந்துவிடும், கூர்மூக்கு, அதில் ராடார், பெரிய இறக்கை கிடையாது. 181ஓடு ஒப்பிட வேண்டுமென்றால் ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் போகிற நம் நிர்பய் வழியில் வருகிற ஏவுகணைகளைத்தான் பார்க்க வேண்டும், பிரம்மோஸை இல்லை.

நெல்லைப்பருந்து:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. ஆழிக்காற்று சொன்னதில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரு பி-52 ஜாஸமும் தூக்கும், 181ம் தூக்கும். வருகிற விமானம் அணு ஆயுதம் தூக்கக்கூடியதா இல்லையா என்றாவது வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல ஏதாவது ஏற்பாடு உண்டா? இல்லை, அதுவும் குருட்டாம்போக்குத்தானா?

கொங்குநாட்டான்:

உண்டு, ஏவுகணையை விட்டுவிட்டு விமானத்தைப் பாருங்கள். அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைக்கப் போட்ட 1979 சால்ட்-2 ஒப்பந்தக் காலத்தில், க்ரூஸ் ஏவுகணை தூக்குகிற பி-52ஜி விமானங்களுக்கு இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் வளைவாக ஒரு தகட்டை ஒட்டினார்கள். பறப்பதற்கு அது தேவையே இல்லை, சோவியத் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து எது க்ரூஸ் ஏவுகணை விமானம் என்று எண்ணிக்கொள்வதற்காக மட்டும். அந்த ஒப்பந்தம் முறைப்படி அமலுக்கே வரவில்லை, ஆனாலும் தகட்டை வைத்தார்கள்.

பிற்பாடு ரஷ்யாவோடு போட்ட நியூ ஸ்டார்ட் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்காக பி-52எச் விமானங்களில் சுமார் 30ஐ சாதாரண ஆயுதம் மட்டும் தூக்கும்படி மாற்றினார்கள். மாற்றாதவற்றின் பின் உடம்பில் இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு மாதிரி ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும், மாற்றியவற்றில் அது இருக்காது. பி-1பியில் அணு ஆயுத வசதியை 2011க்குள் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள், அதனால் அதன் மேல் எதைப் பார்த்தாலும் 181ஆக இருக்காது. ஆனால் நியூ ஸ்டார்ட் 2026 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டது. மாற்றிய விமானங்களை அப்படியே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. அடுத்து ஏதாவது பி-52 படம் வந்தால் இறக்கைக்கடியில் தொங்குவதைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன் வால்பக்கம் அந்தத் துடுப்பு இருக்கிறதா என்று பார்த்து, விமானத்தின் எண்ணோடு சேர்த்து இங்கே போடுங்கள்.